டாலருக்கு வைத்த பொட்டு

நோட்டு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கக் கூடாது என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைக்குப் போகிற வண்டி. ஒரு கை கம்பியில் இருக்கும். இன்னொரு கை விரலிடுக்கில் பத்து, இருபது, ஐம்பது என்று நீளவாக்கில் மடித்த நோட்டுகள் செருகியிருக்கும். லைட் எரியாத வண்டியில்கூட தடவிப் பார்த்தே இது நூறு, இது ஐந்நூறு என்று சொல்லிவிடுவேன். ஒட்டுப்போட்ட நோட்டைக் கொடுத்து என்னை ஏமாற்றினவர் யாரும் கிடையாது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறெதற்கு?

அதனால்தான் கம்போடியாவுக்குப் போகலாம் என்று என் மனைவி சொன்னபோது, அந்தப் பயணத்தில் ஒரே ஒரு வேலையை நான் எடுத்துக்கொண்டேன். என்ன பணம் கொண்டுபோவது, எப்படிக் கொண்டுபோவது என்பது என் பொறுப்பு. மற்றது எல்லாம் அவளுடையது. செலவும் அவளுடையதுதான்.

அவள் ரவிக்கை தைப்பவள். நான் தினமும் மலை ஏறி இறங்கி, வந்து குளித்து, சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். அவள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பாள். திருப்பதியைத் தாண்டி எங்கும் போனதில்லை. அவள் பிறந்த ஊர் ரிஷிவந்தியம். சின்ன வயதில் அங்கே கோயில் பிரகாரத்தில்தான் பாண்டி ஆடினாளாம். லைனிங் துணி வாங்கும் கடையில் ஒரு நாள் காலண்டரில் பெரிய கோயில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாள். கம்போடியாவில் இருக்கிறதாம். “எங்க ஊரு கோயில விட எத்தினி மடங்கு பெருசுன்னு ஒரு வாட்டி நேர்ல பாத்துட்டு வந்துடணும்” என்றாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஏழு வருஷம் தையல் காசில் ஒதுக்கி, ஒரு நாள் பாஸ்புக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அன்றோடு என் சிரிப்பு நின்றது.

ஓசூரில் இருக்கும் எங்கள் மகள் விமான டிக்கெட் போட்டாள். ஓட்டலில் ரூம் போட்டாள். ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போக ஒரு டிரைவரையும் ஏற்பாடு செய்தாள். “விசாவையும் போன்லயே போட்டுடலாம்பா. கார்டு ஒண்ணு வாங்கிக்கோ, அங்க போய் தேய்ச்சா போதும்” என்றாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, காசைக் கொடுத்து, கையில் சீட்டை வாங்கினால்தான் அது பயணம். அப்படியே வளர்ந்துவிட்டேன். “அங்க எறங்கனதும் முப்பது டாலர் கட்னா விசா குடுக்கறான் இல்ல? அப்பறம் எதுக்கு போன்ல? அட்டைய நம்பி எவனாவது கடல் தாண்டுவானா?” என்று கத்தினேன். மகள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அம்மா, “அவரு கிட்ட எவடி பேசறது” என்று சொல்லிவிட்டு வைத்தாள். எங்கள் பழைய ஏ.டி.எம். கார்டையும் வழியில் தொலைந்துவிடும் என்று பீரோவிலேயே வைத்துப் பூட்டினேன்.

அடுத்து எந்தப் பணம் என்கிற சண்டை. அந்த ஊர்ப் பணம் ரியால். ஒரு டாலருக்கு நாலாயிரத்துச் சொச்சம் கொடுப்பார்கள் என்றதும், மூட்டை கட்டித்தான் தூக்க வேண்டும் என்று அதை விட்டேன். என்னோடு வண்டி ஓட்டிய பழைய டிரைவர் ஒருவர் தாய்லாந்து போய்வந்தவர், அந்த நாட்டுப் பணமான பாட் வாங்கச் சொன்னார். மனைவி, “கொஞ்சம் டாலரு, கொஞ்சம் நம்ப ரூபா, கொஞ்சம் கார்டுல, எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வெச்சிக்கலாமே” என்றாள். தையற்காரி புத்தி, எல்லா நிறத்திலும் ஒரு நூற்கண்டு வேண்டும் என்று கேலி செய்தேன்.

முடிவு லைனிங் துணிக் கடையில் ஆனது. கடைக்காரர் பாய் எங்களைவிடச் சின்னவர். அவருடைய தம்பி மலேசியாவில் ஓட்டல் வைத்திருப்பதால் அடிக்கடி போய்வருகிறவர்.

“கண்ண மூடிக்கினு டாலர் வாங்குங்கண்ணே. அங்க டாலர்தான் ஓடும். ஆனா ஒண்ணு, நோட்டு சலவை நோட்டா இருக்கணும். ஒரு பேனா கோடு, ஒரு சின்ன கறை இருந்தாலும் வாங்க மாட்டான். திருப்பி உங்க கையிலயே குடுத்துடுவான்.”

எனக்குச் சுருக்கென்றது. “யாருகிட்ட இன்னா சொல்றீங்க பாய்? மஞ்சத் தண்ணில ஊறிப்போன நோட்ட நீட்டுனான்னு ஒரு பொம்பளைய மலை வளைவுல எறக்கி உட்டுட்டு வந்தவன் நான்.”

பாய் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

“மலையிலயா? அப்பறம் அவ எப்பிடிப் போனா?”

“எனக்கு இன்னா தெரியும்? வண்டி போய்க்கினே இருந்துச்சி” என்றேன். அவள் துணியை மடித்துப் பையில் வைத்தாள். வீடு வரை எனக்கு நாலடி முன்னால் நடந்தாள்.

டாலர் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போனேன். கள்ளக்குறிச்சியில் நான் கேட்ட இரண்டு இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள். பாண்டியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட், டிக்கெட், பான் கார்டு எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு நோட்டுகளை நீட்டினாள். ஐந்நூறு டாலர். ஐம்பதும் இருபதும் பத்துமாகக் கேட்டு வாங்கினேன். சில்லறை இல்லாமல் நான் எங்கும் கிளம்பியதில்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன், தடவினேன், சுண்டினேன். இரண்டு நோட்டில் பேனா புள்ளி இருந்தது. “இது வேணாம்மா, வேற குடு” என்று திருப்பினேன். அந்தப் பெண்ணே அசந்துபோய், “அங்கிள் பேங்க்ல வேல பாத்தீங்களா?” என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, உளுந்தூர்பேட்டையில் இறங்கி டீ குடிக்கும்போதுகூட எனக்கு உச்சி குளிர்ந்துதான் இருந்தது.

இனிமேல்தான் என் மடத்தனம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை முதல் நடை கிளம்பும் முன் டிரைவர் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார். கண்டக்டர் தன் தோல் பைக்குப் பொட்டு வைப்பார். நான் பையோடு விடமாட்டேன். உள்ளே சில்லறைக்காக வைத்திருக்கும் நோட்டில் மேலாக இருக்கிற ஒன்றின் மூலையில், குழைத்த மஞ்சளைத் தொட்டு அதன்மேல் குங்குமம் வைப்பேன். அப்படி வைத்த நாளில் கலெக்‌ஷன் குறைந்ததில்லை, வண்டி நடுவழியில் நின்றதில்லை. அது என் நம்பிக்கை, யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.

ஓய்வு பெறும்போது போக்குவரத்துக் கழகத்துப் பையை ஒப்படைத்துவிட்டேன். என் சொந்தக் காசில் வாங்கிய பை ஒன்று வீட்டில் இருந்தது. ஊருக்குக் கிளம்பிய நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. பையைத் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, டாலரை எல்லாம் எடுத்து நீளவாக்கில் அழுத்தி மடித்தேன். மஞ்சளைக் குழைத்தேன். இது வெள்ளிமலை நடை இல்லை, கடல் கடந்து போகிற நடை. ஒரு நோட்டுக்கு மட்டும் வைத்தால் போதாது என்று தோன்றியது. விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டி எல்லா நோட்டுக்கும் வைத்தேன்.

மனைவி ஈரத்தலையோடு வந்து நின்றாள். “இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? பாய் இன்னா சொன்னாரு?”

“அவரு சொன்னது கறைய. இது குங்குமம்டி. சாமிப் பொட்ட போய் கறைன்னு சொல்றியே, வாயக் கழுவு.”

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு போனாள். நான் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

முதல் அடி கோலாலம்பூரில் விழுந்தது. அங்கே விமானம் மாற வேண்டும். இவளுக்குத் தாகம். ஒரு கடையில் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு, விரலிடுக்கிலிருந்து ஒரு பத்து டாலரை உருவி நீட்டினேன். கடைப்பெண் வாங்கினாள். மடிப்பைப் பிரித்தாள். பொட்டைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தாள். இன்னொன்றை நீட்டினேன். அதையும் திருப்பினாள். பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம்.

“பாய் சொன்னாரே” என்றாள் இவள்.

“இது தண்ணிக் கடை. இவளுக்கு இன்னா தெரியும்? அங்க கவர்மென்ட் ஆபீஸ்ல வாங்குவான்.”

வாய்தான் பேசியது. மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேருக்கு அறுபது டாலர். அந்த அறுபது செல்லாவிட்டால் விசா இல்லை, விசா இல்லாவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மகள் போனில் படித்துக் காட்டியிருந்தாள். என் மனைவியின் ஏழு வருஷம் என் மடியில் பையாக உட்கார்ந்திருந்தது.

விமானம் ஏறி அரை மணியில் எழுந்து கழிப்பறைக்குப் போனேன். தாழ் போட்டுக்கொண்டு ஒரு இருபது டாலரை எடுத்து ஈரத்தாளால் துடைத்தேன். குங்குமம் கரைந்து பாதி நோட்டுக்குப் பரவியது. அங்கே இருந்த சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுத் தேய்த்தேன். ஐயோ, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மஞ்சளில் சோப்புப் பட்டால் ரத்தச் சிவப்பாகும் என்று எந்த வீட்டில் தெரியாது? வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டி எத்தனை தடவை பார்த்திருப்பேன்! அந்தப் பதற்றத்தில் ஒன்றும் தோன்றவில்லை. ஒன்று கெட்டது போதாது என்று அடுத்ததையும் தேய்த்தேன். நாலு நோட்டு சிவந்த பிறகுதான் நிறுத்தினேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். இவள் என் விரல்களைப் பார்த்தாள். எல்லாம் சிவப்பு. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கோயில் இருக்கும் சியாம் ரீப்பில் இறங்கினோம். விசா கவுண்டரில் நீளமான மேஜைக்குப் பின்னால் வரிசையாக அதிகாரிகள். எங்கள் முறை வந்தது. சின்ன வயதுக்காரர், முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பாஸ்போர்ட்டையும் போட்டோவையும் வாங்கி வைத்துக்கொண்டு கையை நீட்டினார். கொஞ்சம் சுத்தமாகத் தெரிந்த மூன்று இருபதுகளைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். “நோ” என்றார்.

பத்துகளைக் கொடுத்தேன். “நோ.” ஐம்பதைக் கொடுத்தேன். மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “நோ.” பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவசரத்தில் சோப்புப் போட்ட நோட்டு ஒன்றும் கூடவே போய்விட்டது. அதைப் பார்த்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நோட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். இரண்டு பேரும் என் சிவந்த விரல்களைப் பார்த்தார்கள்.

“பிளட்?” என்றார் சின்னவர்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்த வார்த்தை இருந்தது. “நோ சார், நோ பிளட், நோ” என்று விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அப்போது இவள் முன்னால் வந்தாள். தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள். அதே விரலால் நோட்டைத் தொட்டாள். இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கக்கூடச் செய்தார். அவரும் பதிலுக்குக் கைகூப்பினார். பிறகு எல்லா நோட்டையும் அடுக்கி என் பக்கமே தள்ளினார்.

நான் அந்தக் கற்றையை எடுத்து மறுபடி தடவினேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? தடவிக்கொண்டே வந்தபோது ஒரு ஐம்பது மட்டும் கனமாகப் பட்டது. முப்பத்தோரு வருஷத் தடவல் பொய் சொல்லாது. எச்சில் தொட்டு விலக்கினேன். புது நோட்டு இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னால் இருந்த ஐம்பது பொட்டுப் படாமல் சலவையாக இருந்தது. மடிப்பு மட்டும்தான். பாண்டியில் எண்ணும்போது சரியாக இருந்தது, பொட்டு வைக்கும்போதுதான் ஒன்று தப்பியிருக்கிறது.

அவர் அதை வாங்கிக்கொண்டார். இவளுடைய பாஸ்போர்ட்டில் விசாவை ஒட்டினார். இருபது டாலர் மீதி கொடுத்தார். இன்னொரு விசாவுக்குப் பத்து டாலர் குறைந்தது.

“டென் சார், டென் ஒன்லி” என்று கெஞ்சினேன். சிவந்த நோட்டுகளை மறுபடி காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே, புறங்கையால் என்னை ஓரமாக ஒதுங்கச் சொன்னார். அந்தக் கையசைப்பு எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அதை நான் செய்திருப்பேன்.

ஓரமாக வந்து நின்றோம். போனில் சிக்னல் இல்லை. “நீ போ” என்றேன் அவளிடம்.

“நீங்க வராம நான் மட்டும் போயி இன்னா கோயில பாக்கப்போறேன்? வாங்க, திரும்பிப் போயிடலாம். பாத்த வரைக்கும் போதும்.”

பாத்த வரைக்கும் என்றால் என்ன பார்த்தாள், பாவி? மூன்று ஏர்போர்ட்டும் ஒரு தண்ணீர்க் கடையும். அவள் அழாமல் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“போன்னா போடி! வெளிய டிரைவர் பேர் எழுதின அட்டைய வெச்சிக்கினு நிப்பான். அவன்கிட்ட பத்து டாலர் கேட்டு அனுப்பு.”

“எந்த பாஷையில கேக்கறது?”

“எப்பிடியாவது கேளு” என்று கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். நான் சுவர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வரிசை கரைந்துகொண்டே வந்தது. எல்லோரும் கொடுத்தார்கள், வாங்கினார்கள், போனார்கள்.

அந்த மலைக்காரப் பெண் அப்போதுதான் நினைவுக்கு வந்தாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆவதற்கு முந்தைய காலம். வெள்ளிமலையிலிருந்து கீழே இறங்கும் காலை வண்டி. கையில் ஒரு சோற்றுத் தூக்கோடு வழியில் ஏறினாள். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரி என்றாள். நீட்டியது ஒரு நூறு ரூபாய். வேண்டுதலுக்காக மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காணிக்கை நோட்டு என்று பார்த்தாலே தெரியும், முழுக்க மஞ்சள் ஊறி ஈரமாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் டிப்போவில் கேஷியர் ஒரு நைந்த நோட்டைத் திருப்பி, என் கைக்காசைப் போட வைத்திருந்தார். அந்த எரிச்சல் எனக்கு. “இத எவன் வாங்குவான்? வேற குடு” என்றேன். வேறு இல்லை என்றாள். “வூட்டுக்காரரு படுத்துக்கினு இருக்காருங்க, சோறு எடுத்துக்கினு போறேன்.” நான் விசில் அடித்தேன். “எறங்கு.” அவள் தூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவில் இறங்கினாள். சாயங்காலம் வரை கீழே இறங்க வேறு வண்டி கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இறக்கினேன்.

இத்தனைக்கும் அன்று வெள்ளிக்கிழமை. என் பைக்குள் இருந்த நோட்டிலும் மஞ்சள் இருந்தது.

அதற்குப் பிறகும் அவள் பல தடவை என் வண்டியில் ஏறியிருக்கிறாள். ஒரு தடவைகூட நோட்டு நீட்டியதில்லை. சரியான சில்லறையைக் காசாக உள்ளங்கையில் விரித்துக் காட்டுவாள். நான் எடுத்துக்கொள்வேன். வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. கேட்க வெட்கம். வெட்கம்தான், வேறென்ன சொல்வது.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தரை துடைக்கும் சீருடையில் ஒரு பெண் வந்து, என் எதிரில் நின்று, மடித்த கைக்குட்டையை நீட்டினாள். இவளுடைய கைக்குட்டை. உள்ளே ஒரு கறைகூட இல்லாத பத்து டாலர்.

அதையும் மீதி இருபதையும் கட்டி என் விசாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் இவளைக் கேட்டேன். “எப்பிடிக் கேட்ட?”

“ஒண்ணும் கேக்கல. பத்து வெரலயும் விரிச்சிக் காட்னேன். பாக்கெட்ல இருந்து எடுத்துக் குடுத்துட்டாரு. எதுக்குன்னுகூட கேக்கல.” டிரைவர் எங்கள் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஊருக்குள் ஒரு கடையில் கழிவு போட்டு என் நோட்டுகளை மாற்றிக் கொடுத்தார்கள். நல்லதாக ஒரு பத்து டாலரை எடுத்து டிரைவரிடம் கொடுத்தபோது, அவர் அதைப் பார்க்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கோயிலைப் பார்த்தோம். அகழிக்கு இந்தப் பக்கமே இவள் நின்றுவிட்டாள். “எங்க ஊரு கோயிலு இதுல ஒரு மூலைக்குக் காணாது” என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். மூன்று நாளும் கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் ஒன்றிலும் மனது ஒட்டவில்லை.

“எங்க பாத்துக்கினு இருக்கீங்க? கோயிலு இந்தப் பக்கம்” என்றாள். அந்த மலைக்காரப் பெண்ணைப் பற்றி முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “கேக்கணும்னு இருந்தா போய் கேளுங்க. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?” என்றாள்.

ஊர் திரும்பிப் பத்து நாளில் வெள்ளிமலை வண்டி ஏறினேன். அந்த மலைக்காரப் பெண் ஏறும் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் விசாரித்தேன், கீழே போயிருப்பதாகச் சொன்னார்கள். மறுவாரம் மறுபடி போனேன். இப்போது மத்தியானமும் ஒரு வண்டி கீழே இறங்குகிறது, அதில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் ஏறினாள். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கை தானாக இடுப்புச் சுருக்குப் பைக்குப் போனது. சில்லறையை எடுத்து உள்ளங்கையில் விரித்துவிட்டாள். பிறகுதான் நான் காக்கிச் சட்டையில் இல்லை என்பதையும், இப்போது டிக்கெட்டே இல்லை என்பதையும் கவனித்தாள்.

“பழக்கங்க” என்று சிரித்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

“அன்னிக்கி ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னீங்களேம்மா, நான் எறக்கி உட்டனே...”

“மஞ்ச நோட்டு அன்னிக்கா?” சட்டென்று சொன்னாள். “நடந்தே எறங்கிட்டேங்க. அடிவாரத்துல டீக்கடைக்காரரு அந்த நோட்ட வாங்கிக்கினு சில்லறை குடுத்தாரு. ஒண்ணும் சொல்லல. தொடச்சிட்டு கல்லாவுல போட்டுக்கினாரு. அப்பறம் பஸ்ஸு புடிச்சிப் போனேன்.”

“வூட்டுக்காரரு?”

“மத்தியானம் வரைக்கும் பேசிக்கினு இருந்தாராம். நான் வந்துட்டனா, வந்துட்டனான்னு பக்கத்துக் கட்டிலுக்காரங்கள கேட்டுக்கினே இருந்தாராம். நான் போய்ச் சேர்றப்ப வாய் நின்னுபோச்சிங்க. அப்பறம் மூணு வருசம் இருந்தாரு. பேசல.”

“தப்பு பண்ணிட்டேம்மா” என்றேன்.

“நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்களுக்கு மேல இருக்கறவங்க திட்டுவாங்க இல்ல” என்றாள். வண்டி ஒரு வளைவில் திரும்பியது. அவள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். “இங்கதான் எறக்கி உட்டீங்க.” குரலில் கோபமே இல்லை. புதிதாக வந்தவருக்கு ஊரைக் காட்டுகிற மாதிரிதான் காட்டினாள்.

நான் எழுந்து, விசில் அடிக்கச் சொல்லி, அங்கேயே இறங்கினேன். “யோவ் பெருசு, இங்க இன்னா இருக்குது?” என்று அந்தக் கண்டக்டர் தம்பி கேட்டான். ஒன்றும் இல்லை. ஒரு மைல் கல், ஒரு தடுப்புச் சுவர், உட்கார ஒரு நிழல்கூட இல்லை. அத்தனை வருஷம் தினமும் கடந்த இடத்தில் அன்றுதான் முதல்முறையாகக் கால் வைத்தேன்.

நடந்தேன். பஸ்ஸில் அரை மணிகூட ஆகாத வழி, எனக்கு நாலு மணி நேரம் ஆனது. முட்டி இரண்டும் விட்டுப்போய், வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். அன்று அவள் கையில் சோற்றுத் தூக்கும் இருந்தது. அடிவாரத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவள் சொன்ன டீக்கடை பூட்டியிருந்தது.